ஆந்தீப்: கடல்வழி வருவோரின் நகரம்

ஆந்தீப், பிரான்சின் தென்கிழக்கு மூலையில் மத்தியதரைக் கடலோரம் அமைந்த பழமையான துறைமுக நகரம். புகழ்பெற்ற கோடைவாசத் தலமும்கூட. நீஸ் நகருக்குத் தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், கான் நகருக்குக் கிழக்கே உள்ளது. ஏறத்தாழ 75,000 பேர் வாழும் இந்நகராட்சியில் பழைய நகரம், ஆந்தீப் முனை, ழுவான்-லெ-பேன் கடற்கரை ஆகியவை அடங்கும். இங்குள்ள வோபான் துறைமுகம் ஐரோப்பாவின் மிகப் பெரிய உல்லாசப் படகுத் துறைமுகங்களுள் ஒன்று.

வரலாறு

இன்றைய மார்செய் நகரான மசாலியாவில் குடியேறியிருந்த கிரேக்கர்கள், ஆன்டிபோலிஸ் என்ற பெயரில் இவ்வூரை வணிகத் துறையாக நிறுவினர். பின்னர் இது ரோமானியர் வசமாயிற்று. 2012இல் துறைமுகத்தை ஒட்டி நிலத்தடி வாகன நிறுத்தம் கட்டத் தோண்டியபோது, கி.பி. 2-3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய வணிகக் கப்பலின் உடற்பகுதி சேற்றுக்குள் கிடைத்தது. இன்று படகுகள் நிற்கும் அதே துறையில் அன்றும் கப்பல்கள் வந்து நின்றன என்பதற்கு அது கண்கூடான சான்று.

இந்நகரைத் தம் வசம் வைத்திருந்த கிரிமால்டி குடும்பத்திடமிருந்து 1608இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி இதை வாங்கினார். நீஸ் பகுதி 1860 வரை பெரும்பாலும் சவோய் அரசுக்கு உட்பட்டிருந்ததால், ஆந்தீப் பிரான்சின் எல்லைக் காவல் நகராக விளங்கியது. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த காரே கோட்டையையும் நகர அரண்களையும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படைப் பொறியாளர் வோபான் வலுப்படுத்தினார். 1794இல் நெப்போலியன் சிறிது காலம் இங்கே காவலில் வைக்கப்பட்டிருந்தார். எல்பாத் தீவிலிருந்து தப்பி 1815 மார்ச் 1 அன்று அருகிலுள்ள ழுவான் வளைகுடாவில் கரையிறங்கியபோது, அவர் அனுப்பிய வீரர்களை ஆந்தீப் காவற்படை உள்ளே விட்டுப் பிடித்து வைத்துக்கொண்டது. கடல்வழி வருவோரை இப்படிச் சந்தேகத்தோடு பார்த்துவந்த நகரம், 1860இல் நீஸ் பிரான்சோடு சேர்ந்து எல்லை நகர்ந்த பிறகு அவர்களை வரவேற்றே வாழத் தொடங்கியது.

வாசத்தலமாக வளர்ந்த விதம்

தொடக்கத்தில் செல்வந்தர்கள் குளிர்காலத்தில்தான் இங்கு வந்தனர். ஓவியர் குளோத் மோனே 1888இல் சில மாதங்கள் தங்கி இக்கரையைப் பல படங்களில் தீட்டினார். எழுத்தாளர் மோப்பசான் தம் ‘பெல்-அமி’ படகில் இங்கிருந்து கிளம்பிய பயணத்தை அதே ஆண்டு நூலாக வெளியிட்டார். கோடையில் விடுதிகள் மூடிவிடுவது அன்றைய வழக்கம். 1923இல் ஜெரால்டு, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதியர் ஆந்தீப் முனை விடுதியைக் கோடையிலும் திறந்துவைக்கச் செய்தனர். எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்டு உள்ளிட்ட நண்பர்கள் அவர்களைத் தேடி வந்தனர். கோடைக் கடல் குளியல் இங்கே நாகரிகமாயிற்று. ழுவான்-லெ-பேனில் 1960 முதல் ஜாஸ் இசைவிழா நடந்துவருகிறது.

படகில் அணுகுதல்

கடலிலிருந்து வருவோருக்கு முதலில் அடையாளம் காட்டுவது ஆந்தீப் முனையின் மேலுள்ள கரூப் கலங்கரை விளக்கம். 1944இல் ஜெர்மன் படையினர் தகர்த்த இது, போருக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. நெருங்க நெருங்கப் பழைய நகரின் இரு கற்கோபுரங்களும், துறைமுகத்தின் வடபுறம் நட்சத்திர வடிவிலான காரே கோட்டையும், குளிர்காலத்தில் பின்னணியில் பனி மூடிய ஆல்ப்ஸ் மலையும் தெரியும். இந்நகரில் எஞ்சியுள்ள அரண்கள் கடலை நோக்கியவை; அவற்றின் அமைப்பு நீரிலிருந்து பார்த்தால் நன்கு விளங்கும்.

கரையிலிருந்து 300 மீட்டருக்குள் வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) அளவைத் தாண்டக் கூடாது. துறைமுகத்துக்குள் 3 நாட். நுழையும் முன் விஎச்எஃப் வானொலியின் 9ஆம் அலைவரிசையில் துறைமுக அலுவலகத்தை அழைத்து இடம் கேட்க வேண்டும். சுமார் 1,500 படகுகளுக்கு இடமிருந்தும், ஜூலை, ஆகஸ்டில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது அரிது.

மத்தியதரைக் கடலில் பொதுவாகப் படகைப் பக்கவாட்டில் அணைத்துக் கட்டுவதில்லை. பின்புறத்தைத் துறைமேடைக்குக் காட்டிக் கட்டுவதே வழக்கம். பின்னோக்கி வந்து இரு பின் கயிறுகளைக் கரையில் மாட்டியதும், அடித்தளச் சங்கிலியோடு பிணைத்த கயிறு ஒன்றை ஊழியர் தூக்கிக் கொடுப்பார். பாசியும் சேறும் சிப்பியும் ஒட்டியிருக்கும் அந்தக் கயிற்றைக் கைமாற்றி இழுத்தபடி படகின் முன்புறமான அணியம்வரை கொண்டுபோய் இறுக்க வேண்டும். கையுறை இல்லாவிட்டால் உள்ளங்கை கிழியும். கயிறு தொய்ந்தால் சுழலியில் சிக்கும்.

வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்த்ரால் காற்று மேற்கே உள்ள கரைகளைவிட இங்கே பெரும்பாலும் தணிந்தே இருக்கும். கிழக்குக் காற்றுதான் தொல்லை. முனையின் கிழக்கே உள்ள சாலிஸ், கரூப் விரிகுடாக்களில் அப்போது அலை ஏறும். அந்நேரத்தில் முனையைச் சுற்றி மேற்கிலுள்ள ழுவான் வளைகுடாவில் ஒதுங்கலாம். ஓதம் மிகச் சிறிது. அரை மீட்டருக்கும் குறைவு.

கரையில் காணத்தக்கவை

‘கோடீஸ்வரர் துறைமேடை’ என்று வழங்கும் பகுதியில் 100 மீட்டரைத் தாண்டிய படகுகள் நிற்கும். அன்றாடக் கூலிக்கு வேலை தேடும் இளைஞர்கள், தன்விவரத் தாளோடு படகு படகாக விசாரித்து நடப்பதைக் காலையில் காணலாம். உலகின் பல நாட்டுப் படகுப் பணியாளர்கள் கூடும் மையம் இது. அரண்சுவரை ஒட்டிய கிராவெட் மணற்கரையும், மசேனா வீதியின் கூரைச் சந்தையும் துறையிலிருந்து நடைதூரம்தான்.

பழைய நகரின் கிரிமால்டி கோட்டையில் 1946 இலையுதிர் காலத்தில் ஓவியர் பிக்காசோ பணிபுரிந்தார். போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் ஓவியத் துணி கிடைக்காததால் சிமென்ட் பலகைகளில், படகுக்குப் பூசும் சாயத்தைக் கொண்டு பல படங்களை வரைந்தார். அவற்றை அங்கேயே விட்டுச் சென்றார். 1966இல் அக்கோட்டை பிக்காசோ அருங்காட்சியகம் எனப் பெயர் பெற்றது. 1996 முதல் பழம்பெரும் பாய்மரப் படகுகளின் போட்டியும் இங்கு ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

கடற்புல் பாதுகாப்பு

இக்கரையின் அடித்தளத்தில் மத்தியதரைக் கடலுக்கே உரிய பொசிடோனியா கடற்புல் படர்ந்துள்ளது. மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் தந்து, கரை அரிப்பையும் தடுப்பது இது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே பரவும் இப்புல்லை ஒரு பெரிய நங்கூரமும் சங்கிலியும் கலப்பை போல உழுது நாசமாக்கிவிடும். 2019க்குப் பிறகு பிறப்பித்த ஆணைகள் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகள் புல்வெளிகளில் நங்கூரமிடுவதைத் தடை செய்கின்றன. சிறு படகினருக்கும் பொறுப்பு உண்டு. தெளிந்த நீரில் கரும்பச்சையாகத் தெரிவது புல், வெளிறித் தெரிவது மணல். நங்கூரத்தை மணலில் மட்டுமே இறக்க வேண்டும்.