எயிற்பட்டினம் எங்கே ரிசால்வ் ஆகிறது?

மரக்காணம் பற்றி எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: சங்க இலக்கியத்தின் எயிற்பட்டினம் இதுதான், கிரேக்க நூலில் வரும் சோபட்மாவும் இதுதான். மூன்று பெயர், ஒரே இடம். நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு இது தினப்படி சங்கதி. பெயரைக் கொடுத்தால் முகவரி வரணும். அதற்குப் பெயர் நேம் ரெசல்யூஷன். அதே முறையில் இந்த வரியைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

பத்து மெஷின் உள்ள சின்ன ஆபீஸில் ஹோஸ்ட்ஸ் ஃபைல் போதும். ஒவ்வொரு மெஷினிலும் பெயரையும் ஐபி முகவரியையும் எழுதி வைத்துவிடலாம். ஆனால் அந்தந்த ஃபைலில் யார் என்ன எழுதினாலும் அந்த மெஷின் நம்பிவிடும். ஆர்பாநெட் காலத்தில் கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனம் எல்லோருக்குமாக ஒரே பட்டியலைப் பராமரித்தது. நெட்வொர்க் வளர வளர அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பான சர்வர் உண்டு. அதுவே சொன்னால் அத்தாரிடேட்டிவ் பதில். வேறொரு சர்வர் தன் கேஷிலிருந்து சொன்னால், என்எஸ்லுக்அப் 'நான்-அத்தாரிடேட்டிவ்' என்று ஒரு குறிப்பு போட்டுவிடும். பதில் தப்பு என்று அர்த்தமில்லை. சொன்னவர் மூலம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, மரக்காணத்துக்கு வருவோம்.

சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, அதே கடற்கரையில்தான் இன்றும் இருக்கிறது. பரிசு பெற்ற பாணன் ஒருவன் பெறாத பாணனுக்கு ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போக வழி சொல்கிறான். முதலில் கடற்கரைப் பட்டினம், பிறகு வேலூர், அப்புறம் ஆமூர். அந்தப் பட்டினத்தில் கடலலை ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. அதை விறகாக்கி நுளைச்சியர் கள் காய்ச்சுகிறார்கள்.

இங்கேதான் ஒரு சுவாரசியம். வேலூரையும் ஆமூரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் புலவர், பட்டினத்தை மட்டும் 'மதிலின் பெயர் கொண்ட பட்டினம்' என்கிற மாதிரி புதிர் போட்டு விடுகிறார். எயில் என்றால் மதில், ஆகவே எயிற்பட்டினம் என்று விடுவித்தது பின்னால் வந்த உரை மரபு. ஆனால் பழந்தமிழில் அரணுக்குச் 'சோ' என்றும் ஒரு சொல் உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள்: சோப்பட்டினம்!

முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், கிழக்குக் கரையில் வரிசையாக மூன்று துறைகளைச் சொல்கிறது: கமரா, பொடுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொடுகே புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு என்றும் கொள்கிறார்கள். அப்படியானால் சோபட்மா அதற்கு வடக்கே இருக்கணும். மரக்காணம் வடக்கேதான் இருக்கிறது. ஆனால் சதுரங்கப்பட்டினமும் சென்னையும் கூட வடக்கேதானே? சோபட்மாவைச் சென்னை என்று எழுதிய அறிஞர்களும் உண்டு. வரிசை மட்டும் போதாது.

ஆக, நம்மிடம் இருப்பது ஒரு சங்கிலி. டிஎன்எஸ்ஸில் ஒரு பெயர் இன்னொரு பெயரைக் காட்டுவதை சி-நேம் என்போம். சோபட்மா எயிற்பட்டினத்தைக் காட்டுகிறது. எயிற்பட்டினம் மரக்காணத்தைக் காட்டுகிறது. இரண்டாவது கண்ணி வலுவானது. நல்லியக்கோடனைப் பாட்டு கிடங்கில் ஊருக்குத் தலைவன் என்கிறது. கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி; மரக்காணத்திலிருந்து 30 கி.மீ.க்கு மேல் மேற்கே. அந்த வட்டாரத்தை ஓய்மாநாடு என்று சோழர் கல்வெட்டுகளும் சொல்கின்றன. கல்லில் வெட்டி அந்த மண்ணிலேயே நிற்கும் பதிவு, அத்தாரிடேட்டிவ் மாதிரி. முதல் கண்ணியோ ஒலி ஒற்றுமையிலும் ஒரு சொற்பொருளிலும் நிற்கிறது. அழகான ஊகம், ஆனாலும் ஊகம்தான்.

அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தார். ரோமானியத் தொடர்புள்ள ஆம்ஃபோராக்களும் அரெட்டைன் மட்கலங்களும் கிடைத்தன. துறைமுகத் தொடர்பு உறுதியானது. அங்கேயும் பொடுகே என்ற பெயரை மண் சொல்லவில்லை, நாம்தான் பொருத்தினோம். ஆனால் பொருத்துவதற்குக் கையில் பொருள் இருந்தது.

இதில் என்ன போச்சு என்று கேட்கலாம். ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள். ஒரு புத்தகத்தின் கேஷ் அடுத்த புத்தகத்துக்குப் போகும், அங்கிருந்து பெயர்ப்பலகைக்குப் போகும், பலகை நாளைக்கு ஆதாரமாகிவிடும். 'சோபட்மாவாக இருக்கலாம்' என்று எழுதுவதால் மரக்காணத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்தான் யாராவது ஒருவரை அங்கே தோண்டிப் பார்க்க அனுப்பும்.