ஆரியசாலை முருகனும் ஒன்பது இசை இரவுகளும்

மேல்நாட்டு ஜாஸ் மன்றங்களில் நடைபெறும் பழம்பாணி இசை இரவைப் பற்றி நம்மிற் பலர் கேள்வியுற்றிருப்போம். சிறிய கூடம், மங்கிய விளக்கு, ஒரு பியானோ, 1930-களில் ஆடலுக்கென்று பெருகிய ‘ஸ்விங்’ மெட்டுக்கள். கல்கத்தாவில் வாழும் அன்பர்களுக்கு இதில் ஓர் உரிமையும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டெடி வெதர்ஃபோர்டு என்னும் அமெரிக்க நீக்ரோவ இனப் பியானோக் கலைஞர் அந்நகரின் கிராண்டு ஹோட்டலில் வாசித்து வந்தார்; 1945-இல் அங்கேயே வாந்திபேதி கண்டு மறைந்தார். அவ்விசையில் மெட்டு எல்லோரும் அறிந்தது; அதனை அன்றைய இரவில் எவ்வாறு விரித்துரைப்பது என்பதே கலைஞனின் உரிமை.

இவ்விலக்கணத்துக்குப் பொருந்திய, ஆனால் அதனினும் மிகப் பழைய, இசை இரவுகள் திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அவற்றின் கதையில் ஆரியசாலைக்கும் பங்குண்டு.

ஆரியசாலை, நம்மவர் நெடுங்காலமாக வணிகம் செய்துவரும் சாலைக் கடைத்தெருவை அடுத்த பகுதி. ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளைப் படித்தோர்க்கு அத்தெருவின் இரைச்சலை நாம் விளக்க வேண்டியதில்லை. நவராத்திரி வந்ததும் அங்குள்ள தேவி கோவிலுக்கு ஒரு விருந்தினர் எழுந்தருளுகிறார்: வேளிமலைக் குமாரசுவாமி. அவருடன் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடந்து வருகின்றனர். சரஸ்வதி யானைமீது வருவாள். நங்கை பல்லக்கில் வந்து செந்திட்டை தேவி கோவிலில் தங்குவாள். முருகனுக்கு ஆரியசாலை.

இச்சரஸ்வதி கம்பர் பூசித்துச் சேர மன்னனிடம் ஒப்படைத்த திருவுருவம் என்பர். இதனை வரலாறு என்பதினும் வழிவழி வந்த பக்திச் செய்தி என்பதே முறை. வரலாறு கூறுவது வேறு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் பத்மநாபபுரத்தை விட்டு வடக்கே பெயர்ந்தது. விழாவும் உடன் பெயர்ந்தது. தெய்வங்கள் மட்டும் தம் ஊரை விடவில்லை. ஆண்டுக்கொரு முறை வந்து திரும்புகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, இப்பயணம் மாநில எல்லை கடக்கும் பயணமாயிற்று. களியக்காவிளையில் கேரள அரசினர் நின்று வரவேற்கின்றனர். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இக்காட்சியில் தனி ஈடுபாடு தோன்றுவது இயல்பே!

சரஸ்வதி கோட்டைக்ககத்து நவராத்திரி மண்டபத்தில் அமர்ந்ததும் ஒன்பது மாலைகளிலும் கச்சேரி நடைபெறும். எண்ணெய் விளக்கொளி, மேலாடையின்றி அமர்ந்து பாடும் ஆண் வித்துவான்கள், கைதட்டல் கூடாது. முதன்மைப் பாடல் எது என்பதில் பாடகருக்கு விருப்பமே இல்லை. சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய ஒன்பது வடமொழிக் கீர்த்தனங்கள் நாளுக்கு ஒன்றாக வகுக்கப்பட்டுள்ளன: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பின்னர் சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி; ஒன்பதாம் நாள் ஆரபி. நாளும் இராகமும் பாடலும் முன்பே தெரிந்தவை. எஞ்சி நிற்பன ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமுமே. வித்துவானின் சரக்கு எவ்வளவு என்பது அங்கே மறைவதில்லை.

இம்மன்னரின் அவையில் தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு இருந்தார். மேல்நாட்டு வயலினைக் கருநாடக இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவர். 1834-இல் மன்னரிடம் தந்த வயலின் பரிசு பெற்றவர். பியானோ ஏன் நம் மேடைக்கு வரவில்லை, வயலின் ஏன் வந்தது என்று வினவுவார்க்கு விடை எளிது: பியானோவின் கட்டைகள் கமகத்தை வளைக்கா; வயலினின் தந்தி வளைக்கும்.

விளக்கும் மௌனமும் வரையறுத்த பாடலும் இசையைக் காத்த விதிகள் எனலாம். பெண்கள் அங்குப் பாடலாகாது என்ற வழக்கை அவ்வரிசையில் வைக்க நம் மனம் ஒப்பவில்லை. கலைமகளை நோக்கிப் பாடும் மேடையில் மகளிர் குரலுக்கு இடமில்லை என்பது எவ்வகையிலும் இசைக்கு ஆக்கமன்று.

பாறசாலை பொன்னம்மாள் 1924-இல் பிறந்தவர். 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பின்னர் அங்கேயே முதல் பெண் ஆசிரியரானார். திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். அம்மன்னரின் பெயர் தாங்கிய கல்லூரி அவரை ஏற்று அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் அம்மன்னரின் மண்டபம் திறக்கவில்லை. அரச குடும்பத்து இசைவாணர் அசுவதித் திருநாள் இராமவர்மா முயன்றதன் பயனாக, 2006-இல் அது திறந்தது. 81 வயதில் பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடினார். அவ்வாறு பாடிய முதல் பெண்மணி அவரே. 2021-இல் மறைந்தார். அவருக்குப் பின் மகளிர் பலர் அம்மண்டபத்தில் பாடியுள்ளனர்.