பழிக்கு அஞ்சா அன்பும் பிழைக்கு அஞ்சும் நெஞ்சும்

தெய்வப்புலமைத் திருவள்ளுவனார் பொருட்பாலிலே ‘நாணுடைமை’ என ஓரதிகாரம் (102) வகுத்து, நாணமில்லாதார் வாழ்வினை வாழ்வெனவே மதியாது ஒதுக்கினர். அவரே காமத்துப்பாலிலே ‘நாணுத்துறவுரைத்தல்’ (114) என மற்றோரதிகாரம் வகுத்து, அன்பின் பொருட்டு நாணத்தைக் கைவிடுதலையும் கூறினர்; அதனையடுத்து ‘அலரறிவுறுத்தல்’ (115) என்பதனையும் வைத்து, ஊரார் தூற்றும் அலரே காதலுக்கு உரமாதலைக் காட்டினர். ஒருவரே ஒருநூலின்கண் நாணத்தைக் கொள்க என்றும் விடுக என்றும் கூறியது மாறுகொளக் கூறலாகாதோ எனின், ஆகாது. தான் செய்யும் பிழைக்கு நாணுதல் ஒன்று. தன்னிடத்துப் பிழையில்லாதவழியும் பிறர் வாய்க்கு நாணுதல் மற்றொன்று. முன்னது அறத்தின் காவல். பின்னது உயிரின் தளை. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதும் மயக்கத்தினாலேயே உலகில் அன்பு பலவிடத்தும் நலிவுறுகின்றது. இவ்வேறுபாட்டினைத் தமது வாழ்க்கையிற் காட்டியருளினவர் தம்பிரான் தோழராகிய நம்பியாரூரர். அவர் வரலாற்றினை இந்நோக்கிற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாம்.

கொங்கு நாட்டில் ஆரூரர்

கொங்கு நாட்டுக் குன்னத்தூர்க்குத் தென்மேற்கே அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் உள்ளன. இவ்விரண்டும் ஆரூரர் திருப்பதிகம் பெற்ற தலங்கள். சேரமான் பெருமாளிடம் விடைபெற்றுப் பெரும்பொருளுடன் மீண்ட ஆரூரரைப் பூண்டியின் அருகே பூதகணங்கள் வேடர் வடிவிற்போந்து வழிப்பறி செய்தன என்பது சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு. அப்பொழுது ஆரூரர் பாடிய பதிகம் பணிந்து கெஞ்சுவதன்று. வழிப்போவாரை வெருட்டிப் பறிக்கும் கொடியோர் வாழும் இவ்விடத்தே நீர் எதன் பொருட்டு வீற்றிருக்கின்றீர் என இறைவனையே வினவுவது. ஆண்டவன்முன் இங்ஙனம் நெஞ்சந்திறந்து உரைக்கும் உரிமையே சகமார்க்கம் எனப்படும் தோழமை நெறியின் இலக்கணம். அப்பரடிகள் தாதமார்க்கத்திற்கும், ஆளுடைய பிள்ளையார் சற்புத்திரமார்க்கத்திற்கும், மணிவாசகர் சன்மார்க்கத்திற்கும் எடுத்துக்காட்டாயினாற்போல, ஆரூரர் இதற்கு எடுத்துக்காட்டாயினர். இறைவன் முன்னிலையிலேயே உள்ளத்தை மறையாதவர் ஊரார் முன்னிலையில் அதனை மறைப்பரோ? மறைத்திலர் என்பதற்கு அவர் திருப்பாட்டுக்களே சான்று.

பரவையாரும் சங்கிலியாரும்

ஆரூரர் திருநாவலூரில் ஆதிசைவ அந்தணர் மரபிற் றோன்றியவர். நரசிங்க முனையரையராகிய அரசரால் மகன்மை முறையில் வளர்க்கப்பெற்றவர். பரவையாரோ திருவாரூரில் உருத்திரகணிகையராகிய பதியிலார் குலத்தில் வந்தவர். சங்கிலியார் தொண்டைநாட்டு ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் மரபிற் பிறந்தவர். குலம்பற்றி நோக்குவார்க்கு இவ்விரு மணங்களும் பேசுதற்கு இடந்தருவன. ஆயினும் ஆரூரர் அவற்றை ஒளித்திலர். திருக்கோளிலியில் நெல்வேண்டிப் பாடியபொழுது பரவையாரைப் பெயர்சுட்டியே முறையிட்டனர். திருமுல்லைவாயிற் பதிகத்திலே சங்கிலியார் பொருட்டுத் தாம் கண்ணிழந்தமையைத் தாமே கூறினர். திருக்கோயிலில் அடியார் நடுவே ஓதப்படும் பாட்டினுள் தம் மனைவியர் பெயரையும் தமது குற்றத்தையும் ஒருங்கே வைத்தவர் ஒருவரைப் புறம்பேசுவார் இனி எதனைக்கொண்டு பேசுவர்? மறைவு உள்ளவிடத்தன்றோ புறங்கூற்றுக்கு இடமுளது!

உருத்திரகணிகையர் என்ற அளவிற் பிற்காலத்தார் கொண்ட இழிவெண்ணத்தை முற்காலத்தின்மேல் ஏற்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் மனையும் ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல்லும் வகுத்தமை அக்கோயிற் கல்வெட்டால் அறியப்படும். அவருட் பலர் திருவாரூர்த் தளிகளினின்றும் கொணரப்பட்டோர். அவர் பெயரும் மனையும் கல்லில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கோயிற்பணிக்கு உரியராய் மதிக்கப்பெற்ற அம்மரபினின்றும் வந்தவராகவே பரவையாரைச் சேக்கிழார் போற்றுகின்றார்.

சங்கிலியார் பக்கத்துச் செய்தி இன்னும் உன்னற்பாலது. பெற்றோர் மணம்பேசக் கேட்டு அவர் மயங்கி வீழ்ந்து, தெளிந்தபின் தாம் சிவனருள் பெற்ற ஒருவர்க்கே உரியவர் எனத் துணிந்து கூறினர். பெற்றோர் பதைத்தனர், பரிந்தனர், அஞ்சினர், அச்சொல் புறத்தே பரவாவண்ணம் மறைத்தொழுகினர். ஊராரை அஞ்சும் பெற்றோர் எக்காலத்தும் செய்வது அது. ஆயின் அவர் அவ்வளவில் நின்றுவிட்டிலர். மகளை வருத்தினாரல்லர், வேறொருவர்க்கு வலிந்து கொடுத்தாருமல்லர். திருவொற்றியூரிற் கன்னிமாடம் அமைத்து, வேண்டும் பொருளும் அளித்து, அவர் விரும்பிய திருத்தொண்டில் அவரை வைத்தனர். அச்சத்தினின்றும் அன்பிற்கு ஏறிய பெற்றோர் இவர்.

சூளும் பிழையும்

இனி, அன்பின் உரிமை கட்டற்ற நடைக்கு உரிமையாகுமோ என்பார்க்கு விடை ஒற்றியூரிலேயே உளது. நின்னைப் பிரியேன் எனச் சங்கிலியார்க்குச் சூளுரைக்க உடன்பட்ட ஆரூரர், அச்சூளினைத் திருக்கோயிலினுள் உரைக்கும்பொழுது இறைவனை மகிழின்கீழ்ச் சென்றிருக்குமாறு வேண்டினர். இறைவனோ மகிழின்கீழேயே சூள் பெறுக எனச் சங்கிலியார்க்குக் கனவில் உணர்த்தினான். தோழனேயாயினும் சூழ்ச்சிக்கு அவன் துணைநின்றிலன். பின்னர்த் திருவாரூர் நினைவு மேலிட்டு ஒற்றியூரெல்லையைக் கடந்தவுடன் ஆரூரர் கட்புலன் இழந்தனர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றதெல்லாம் பாடியும் அழுதும் பெற்றனவே.

ஈண்டு நுணுகி நோக்குக. ஆரூரர் குலங்கடந்து மணந்தமைக்கு ஒறுக்கப்பட்டாரல்லர். இறைவன்றானே முன்னின்று அம்மணங்களை முடித்தருளினன். அன்பிற்குரிய ஒருத்திக்கு அளித்த சொல்லினைக் கடந்தமைக்கே ஒறுக்கப்பட்டனர். ஊரார் குற்றமெனக் கொள்ளுதற்குரியது இறைவன் திருமுன் குற்றமாகவில்லை. ஊரார் அறியாத ஒரு சொல்லின் பிழை ஆண்டுப் பெருங்குற்றமாயிற்று. இரண்டு தராசுகளும் வெவ்வேறு என்பது இதனால் தெளியப்படும்.

பரவையாரும் அஞ்சினாரல்லர். சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டு ஊடிய அவர், நள்ளிரவில் ஆதிசைவர் வடிவிற் றூதுவந்த பெருமானையே முதன்முறை மறுத்துப் போக்கினர். வந்தவர் கோயிலார் ஆயிற்றே, மறுத்தால் ஆரூரார் யாது சொல்வர் என அவர் எண்ணிற்றிலர். தம் நெஞ்சின் நோவினை நோவென்றே கூறினர். அதற்காக இறைவன் அவரை முனிந்திலன். மீண்டும் ஒருமுறை நடந்துவந்தனன். அன்புடையார் தம்முள் உரிமை இருவர்க்கும் ஒப்பது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேறு வேண்டா.

பழித்தவர் இருவர்

ஆரூரரைக் கடிந்தோர் புறத்தார் மட்டுமல்லர், அடியாரே கடிந்தனர். அடியார் கூட்டத்தை வணங்காது ஒருவாறு ஒதுங்கிச் சென்றார் எனச் செங்குன்றூர் விறன்மிண்டர் அவரைப் புறம்பு என விலக்கினர். இறைவனைப் பெண்பொருட்டுத் தூதுபோக்கினார் என ஏயர்கோன் கலிக்காமர் கனன்றனர். தமது சூலைநோய் ஆரூரரால் தீரும் என இறைவன் அருளியபோதும், அவரால் தீர்தலின் இறத்தல் நன்றெனத் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டனர்.

ஆரூரர் இவர்களை எவ்வாறு ஏற்றனர்? விறன்மிண்டர் சொல்லிற்கு மறுப்புரை கூறிற்றிலர். அடியார் பெருமையைப் பாடும் திருத்தொண்டத்தொகையே அச்சொல்லிற்கு விடையாயிற்று. கலிக்காமர் உடல் கண்டு, தாமும் அவ்வாளினாலேயே மாயத் துணிந்தனர். திருவருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கைபிடித்துத் தடுத்தார். இருவரும் கேண்மை பூண்டனர். விறன்மிண்டரும் கலிக்காமரும் ஆகிய இருவர் பெயரும் தொண்டத்தொகையிலே ஆரூரர் தம்மை அடியேன் எனக் கூறிக்கொள்ளும் பெரியார் வரிசையில் உள்ளன. பழிக்கு அஞ்சாமையாவது பழிப்பாரை இகழ்தலன்று. அச்சமுடையான் பழியைக் கேளாது செவிபுதைப்பான், அன்றிச் சினந்து எதிர்ப்பான். அச்சமில்லான் அமர்ந்து கேட்டு, மெய்யாயின் கொள்வான், பொய்யாயின் விடுவான்.

சித்தாந்தக் கருத்து

இதன் காரணத்தை மெய்கண்ட நூல்களிற் காண்க. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பிற்று. ஊரார் மதிப்பினைச் சார்ந்த உயிர் அம்மதிப்பாகவே ஆகின்றது. புகழ்ந்தவழி விரிகின்றது, இகழ்ந்தவழிச் சுருங்குகின்றது. தனக்கென ஒருநிலை அதற்கில்லை. ‘என்னை என் சொல்வர்’ என்னும் நடுக்கம் பணிவுபோலத் தோன்றினும், உண்மையில் ‘யான்’ என்னும் ஆணவத்தின் முகங்களுள் ஒன்றேயாம். சிவத்தைச் சார்ந்த உயிர்க்கோ தன்னை அறிவான் ஒருவன் உளன் என்னும் தெளிவு உண்டாகின்றது. காரைக்காலம்மையார் பேய்வடிவு கொண்டு கயிலை செல்லும்வழி, கண்டோர் வெருவி ஓடியபொழுது, பெருமான் என்னை அறிவனாயின் அறியாத மாந்தர்க்கு யான் எவ்வுருவாய்த் தோன்றின் எனக்கு யாது எனக் கருதினமை இத்தெளிவின்பாற்பட்டது. இத்தெளிவு உயிரை வன்னெஞ்சாக்காது. முதலைவாய்ப்பட்ட மகனையிழந்த பெற்றோர் தம் துயரை மறைத்துத் தம்மை வணங்கியபொழுது, அத்துயரைத் தம்முடையதாகக் கொண்டு அவிநாசியிற் பதிகம்பாடி மகனை மீட்டுத் தந்தவர் ஆரூரரேயன்றோ? பிறர் வாய்க்கு அஞ்சாதவர் பிறர் கண்ணீர்க்கு உருகினர்.

ஆரூரில் ஒரு விளக்கு

ஆரூரர்க்குச் சில நூற்றாண்டுகட்குப் பின்னர், 1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரன் காலத்தில், அதே திருவாரூரில் அவனுடைய அணுக்கியார் பரவை நங்கையார் என்பார் தியாகேசர் திருக்கோயிலைக் கற்றளியாக்கிப் பொன்வேய்ந்தனர். அரசனும் நங்கையாரும் திருமுன் ஒருங்கு நின்று வழிபட்ட இடந்தெரியக் குத்துவிளக்கு ஒன்று வைக்கப்பட்ட செய்தியை ஆண்டுள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. பட்டத்தரசியல்லாத ஒருவருடன் வேந்தன் நின்ற இடம் மறைக்கப்படவில்லை, விளக்கிட்டுக் காட்டப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, இரண்டாம் குலோத்துங்கன் காலத்திலே, சேக்கிழார் பெருமான் பழைய பரவையாரின் காதலை அகப்பொருள் மரபு கமழப் பாடித் திருத்தொண்டர் புராணத்துள் வைத்தனர்.

இக்காலத்திற்கு

குன்னத்தூரைச் சூழ்ந்த திருப்பூர் வட்டாரம் இந்நாளிற் பின்னலாடைத் தொழிலால் பலவூர் இளைஞரும் மகளிரும் ஒருங்குகூடி உழைக்கும் இடம். ஒருங்குழைப்பார் தம்முள் அன்பு அரும்புதல் இயற்கை. அவ்வன்பினைக் கண்டவிடத்து, குலத்திற்குப் பழிவரும் என்னும் அச்சம் பெற்றோர் நெஞ்சிற் புகுகின்றது. அவ்வச்சம் எத்துணைக் கொடிது என்பதனை 2016 மார்ச்சு 13-ஆம் நாள் இம்மாவட்டத்து உடுமலைப்பேட்டை காட்டிற்று. குலங்கடந்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில், மனைவியின் கண்ணெதிரே, வெட்டிக் கொல்லப்பட்டார். வயதுவந்த இருவர் தம் விருப்பால் மணத்தற்குக் குடும்பத்தின் இசைவோ குலத்தின் இசைவோ வேண்டுவதன்று என இந்திய உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சு 27-இல் தீர்ப்பளித்தது. சட்டம் கூறியதனைச் சைவர் தம் திருமுறையினின்றே முன்னர் அறிந்திருத்தல் வேண்டும். குலங்கடந்த மணத்திற்குத் தானே தூதனாய் இருமுறை தெருவில் நடந்த பெருமானை வணங்குவார், அம்மணத்தின் பொருட்டு வாளெடுத்தலை எங்ஙனம் பொறுப்பர்?

ஆகலின் அன்புடைய இளையோர் ஊரார் சொல்லிற்கு அஞ்சற்க. தம் துணைக்குத் தாம் அளித்த சொல்லிற்கே அஞ்சுக. பெற்றோர் ஞாயிறுகிழாரைப் போல அச்சத்தைக் கடந்து அன்பில் நிற்க. பழிப்பார் கலிக்காமரைப் போலத் தாம் பழித்தார் கையைப் பற்றும் நாள் வருக.

சிவம்.