இரை கவ்விய படம்

சென்ற மாசியில் நாங்கள் ஐவர் செஞ்சிக்குப் போயிருந்தோம். ராஜகிரியில் ஏறி இறங்கிய களைப்போடு நெற்களஞ்சியத்தின் நிழலில் அமர்ந்திருந்தபோது மாலை நாலரை மணி இருக்கும். தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட கதையை எங்களில் மூத்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சை இடையில் நிறுத்திக் கையைக் காட்டினார். இடிந்த மதில்மேல் மண்நிறத்தில் ஒரு விலங்கு. நீண்ட கால்கள், குறுகிய வால், காது நுனியில் சிறு கறுப்பு மயிர். வாயில் ஓர் எலி தொங்கியது. எங்களைப் பார்த்ததும் மதிலுக்கு அப்பால் குதித்து மறைந்தது. அதுதான் வெருகு என்று சங்கப் புலவர்கள் அழைத்த காட்டுப்பூனை.

நண்பர் எடுத்த இரண்டு படங்களும் கலங்கியிருந்தன. ஒன்றில் மதில் மட்டும் தெளிவு. மற்றொன்றில் விலங்கின் பின்புறமும், வாயோரத்தில் எலியின் வாலும். செஞ்சியைப் பற்றி நாங்கள் எழுதவிருந்த தொடருக்கு முகப்புப் படம் கிடைத்தும் கிடைக்காததாயிற்று.

பத்து நாள் கழித்து அதே நண்பர் வேறொரு படத்தோடு வந்தார். அதே இனப் பூனை, நேருக்கு நேர், மாலை வெயிலில் கண்கள் ஒளிர, கவ்விய வாயில் ஒரு கோழிக்குஞ்சு. செஞ்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் எடுத்ததாகச் சொன்னார். நாங்கள் வியந்து போனோம். குறுந்தொகையில் தலைவனோடு உறங்கும் தன்னை விடியலில் கூவி எழுப்பிவிட்ட சேவலை, வெருகுக் குட்டிகளுக்கு இரையாகப் போ என்று சபிக்கும் தலைவி நினைவுக்கு வந்தாள். படத்தின் கீழ் அந்தப் பாட்டின் செய்தியை எழுதிவிடலாம் என்றுகூடத் தீர்மானித்துவிட்டோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த இளையவர்தான் கேட்டார்: "குஞ்சின் காலில் என்ன அது, நூலா?"

நூல்தான். கரும்பு வெட்டும்போது தாயை இழந்து கிடைத்த குட்டியாம். ஒரு வீட்டார் பால் கொடுத்து வளர்த்து, பெரிதானதும் மலையடிவாரத்தில் விட்டிருக்கிறார்கள். இப்படிக் கிடைக்கும் குட்டியை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை, சட்டமும் அதுவே. எனினும் அவர்கள் செய்தது இரக்கத்தால் என்பதில் ஐயமில்லை. பூனை அந்திதோறும் வேலியோரம் வரும். படத்துக்காகக் குஞ்சை முளையில் கட்டிவைத்தார்கள். நண்பர் இதை மறைக்கவில்லை, கேட்டதும் சொன்னார். "பூனை பாய்ந்தது உண்மைதானே?" என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களால் உடனே விடை சொல்ல முடியவில்லை. விடை தேடி அலைந்ததன் விளைவே இக்கட்டுரை.

இந்தியக் காடுகளில் பெரும்பூனைகளைப் படமெடுத்த வரலாறு, ஆள் இல்லாத படங்களோடு தொடங்குகிறது எனலாம். ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டிவைப்பார். புலியின் கால் பட்டதும் ஒளி வெடிக்கும். புலி தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும். 1927இல் வெளிவந்த அவரது நூல், துப்பாக்கியை விடுத்துப் புகைப்படக் கருவியைக் கையிலெடுக்கப் பலரைத் தூண்டியது. ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு வாய்க்கா என்பதை அவர் கவனித்து எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெரும் வழக்கில் சாட்சியாக வந்து நின்றது.

உத்தரப் பிரதேசத்தின் தூத்வாக் காட்டை ஒட்டி வாழ்ந்த பில்லி அர்ஜன் சிங் முன்னாள் வேட்டைக்காரர். 1970களில் தாயற்ற சிறுத்தைக் குட்டிகளை வளர்த்துக் காட்டில் விட்டார். முதலாவது பிரின்ஸ் என்னும் ஆண். பின்னர் ஹாரியட், ஜூலியட் என்னும் பெண்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகியபோது ஹாரியட் தன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது; வெள்ளம் வடிந்ததும் படகில் ஏறி அக்கரைக்குத் திரும்பியது. கதைபோல் தோன்றினாலும் இது நடந்தது.

1976இல் இங்கிலாந்தின் டுவைகிராஸ் விலங்குக் காட்சியகத்தில் பிறந்த புலிக்குட்டி ஒன்றை, பிரதமர் இந்திரா காந்தியின் ஒப்புதலோடு அவர் கொண்டுவந்தார். அதன் பெயர் தாரா. நாள்தோறும் அதைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று உலவவிட்டார். 1978இன் தொடக்கத்தில் அது காட்டோடு போய்விட்டது. அவர் எழுதிய நூல்களில் உள்ள தாராவின் படங்களைப் பார்க்கையில் மனிதனை அஞ்சாத ஒரு பார்வையைக் காண்கிறோம். அந்த அஞ்சாமைதான் பின்னால் குற்றப்பத்திரிகையில் முதல் வரியாயிற்று.

1978 முதல் தூத்வாவைச் சுற்றி மனிதர்கள் புலியால் மாளத் தொடங்கினர். வளர்ப்புப் புலி வேட்டை அறியாது, எளிய இரையான மனிதனைத் தேடுகிறது என்ற பேச்சு எழுந்தது. 1980இல் ஒரு பெண்புலி ஆட்கொல்லியெனச் சுடப்பட்டது. அது தாராதான் என்றனர் வனத்துறையினர். அர்ஜன் சிங் மறுத்தார். அவர் முன்வைத்த சாட்சி, முகவரிகளைக் காட்டும் படங்கள்! செத்த புலியின் கன்னத்து வரிகள் தாராவின் வரிகளோடு பொருந்தவில்லை என்றார். தாரா அதற்குப் பிறகும் வாழ்ந்து குட்டிகள் ஈன்றதாக இறுதிவரை அவர் நம்பினார்.

வழக்கு அங்கும் முடியவில்லை. 1990களில் வெளிர்நிறமும் பெரிய தலையும் கொண்ட புலிகள் அப்பகுதியில் காணப்பட்டன. தாராவின் உடலில் சைபீரியப் புலியின் குருதியும் கலந்திருந்தது என்ற ஐயம் அப்போதே இருந்தது. புலிகளின் மயிர் மாதிரிகள் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்துக்குச் சென்றன. தாய்வழி மரபு வங்கப்புலி என்றே காட்டிற்று. ஆயினும் வேறொரு சோதனையில் இரண்டு மாதிரிகளில் சைபீரியக் கூறுகள் தென்பட்டன. இரண்டே மாதிரிகளை வைத்துத் தாராவின் மேல் தீர்ப்பெழுத முடியாது. அர்ஜன் சிங் 2010 சனவரி முதல் நாள் காலமானார். அவரை வெறியர் என்போரும் முனிவர் என்போரும் உண்டு. எங்களுக்கு இரண்டும் பாதி உண்மையென்றே படுகிறது.

இதில் இரைக்கு என்ன பங்கு? வளர்த்து விடப்பட்ட விலங்கு காட்டு விலங்காயிற்றா என்பதற்கு உரைகல் அது தானே வீழ்த்திய இரையே. அக்காலத்தில் எருமைக்கன்றைக் கட்டிவைத்துப் புலியை வரவழைப்பது பூங்காக்களில் வழக்கமாயிருந்தது. 1980களின் தொடக்கம்வரை பயணிகளுக்காகவும் அதைச் செய்தார்கள். ஆகவே புலி இரைமேல் இருக்கும் பழைய படம் ஒவ்வொன்றிலும் முதலில் தேட வேண்டியது கயிற்றின் தடம். தானே கொன்ற பூனை இரையைப் புதருக்குள் இழுத்துச் செல்லும். வழியில் தடம் விழும். புலி பெரும்பாலும் பின்தொடையிலிருந்தும் சிறுத்தை வயிற்றிலிருந்தும் தின்னத் தொடங்கும் என்பர். வெட்டவெளியில் ஒளிக்கு முகம் கொடுத்து நிற்கும் இரைகாரனைக் கண்டால் சற்றே ஐயுறலாம்.

நம் நாட்டில் இதே உரைகல் பின்னரும் பயன்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் பன்னாவின் புலிகள் முற்றும் அழிந்தபின், கான்ஹாவில் தாயிழந்து பெரிய அடைப்பில் வளர்ந்த இரண்டு பெண்புலிகளை 2011இல் அங்கே விட்டார்கள். அவை வேட்டையாடின, குட்டியும் ஈன்றன. தமிழகத்தில் 2021 செப்டம்பரில் வால்பாறை அருகே முள்ளம்பன்றியின் முட்கள் தைத்துக் கிடந்த குட்டிப்புலியை மீட்ட வனத்துறை, 2022இல் மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடி அடைப்பில் விட்டு உயிருள்ள இரை கொடுத்துப் பயிற்றியது. அங்கே கருவிகள் எடுத்த படங்கள் அழகுக்காக எடுத்தவையல்ல. அது கொல்லக் கற்றதா என்று சோதித்த தேர்வுத்தாள்கள் அவை. அடைப்பில் இரை விடுவதும் நூலில் குஞ்சைக் கட்டுவதும் ஒன்றா என்று எங்களுக்குள் ஒருநாள் முழுதும் வாதம் நடந்தது. ஒன்றில் இரை ஓடலாம்; ஒன்றில் ஓட முடியாது. இதற்கு மேல் நுட்பமாகப் பிரிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். பல உறுப்புகளை ஒட்டிச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கனத்த கருவியைச் சுமந்துகொண்டு, நடந்தும் யானைமேல் ஏறியும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். 1950இலிருந்து 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் பத்தி எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலால் அவரது தமிழ்க் கட்டுரைகள் நம் கைக்கு வந்தன. அவர் படங்களில் விலங்கு மட்டும் இருப்பதில்லை, அது நிற்கும் காடும் இருக்கும். எங்கள் நண்பர் கொண்டுவந்த படத்தில் இல்லாதது அந்தக் காடு. பின்னணி முழுதும் மங்கலாய், எந்த ஊரும் ஆகலாம் என்றிருந்தது.

பிறகு அந்த வீட்டாரிடம் நாங்களே போனோம். பூனை நான்கு நாளாக வரவில்லை என்றார் அந்த அம்மாள். அவருக்கு வருத்தம், எங்களில் ஒருவர் "நல்லதுதானம்மா" என்று சொல்லப் போய் வாயை மூடிக்கொண்டார். வேலியோரம் முளை அப்படியே இருந்தது. அவரே அதைப் பிடுங்கி விறகோடு போட்டார்.

செஞ்சித் தொடரின் முகப்பில் இருப்பது முதல் நாள் எடுத்த கலங்கிய படம். பூனை எது என்று கேட்டு இதுவரை மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மதிலின் வலப்பக்கம், இரண்டாம் கல்லுக்கு மேலே பார்க்கவும்.