பாதாளக் குகை தேடிப் போய், கற்படுக்கை கண்ட கதை

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ஆந்திராவுல பேலம் குகை மாதிரி நம்ம மதுரைப் பக்கம் ஏதாவது இருக்கா?" அதனால இன்னைக்குக் குகையைப் பத்திதான் பேசப்போறேன்.

பேலம் குகைக்கு நான் போயிருக்கேன். 3,229 மீட்டர் நீளம். உள்ள இறங்க இறங்க வேர்த்துக் கொட்டும், மேலயிருந்து கல் விழுது விழுதாத் தொங்கும். அது சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு, லட்சக்கணக்கான வருஷத்துல சுரங்கம் மாதிரி ஆக்கிடுது. மதுரையைச் சுத்தி நிக்கிற மலைகள் வேற ஜாதி. கெட்டியான பாறை, தண்ணியில அப்படிக் கரையாது. அதனால இங்க பாதாளக் குகை கிடையாது. பாறை விரிஞ்சு, அடுக்கு உரிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு உண்டான இடுக்குகள்தான் இங்க குகை.

"இவ்வளவுதானா?"ன்னு கேக்காதீங்க. மீனாட்சிபுரத்துக்கு வாங்க.

மதுரையிலிருந்து மேலூர் போற ரோட்டுக்கு வடக்கே, மாங்குளம் பக்கத்துல இருக்கு மீனாட்சிபுரம். அடிவாரத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த பெரியவர்கிட்ட வழி கேட்டேன்.

"பஞ்சபாண்டவர் படுக்கைக்கா தம்பி? செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கங்க. வெறுங்கால்னா பாறை வழுக்காது."

"பாண்டவங்க இங்க வந்தாங்களாய்யா?"

"எங்க தாத்தா அப்படித்தான் சொன்னாரு. படுக்கை இருக்குல்ல, யாரோ படுத்திருக்கணும்ல?"

அந்தக் கடைசி வரிதான் ஒரு வரலாற்று ஆய்வாளரோட கேள்வி. மேல ஏறிப் பாத்தேன். குகைத் தரையில வரிசையாப் படுக்கைகள். பாறையை வழவழன்னு செதுக்கி, தலைமாட்டுல கொஞ்சம் உயர்த்தி, தலையணை மாதிரி விட்டிருக்காங்க. குகை நெத்தியில நீளமா ஒரு காடி வெட்டியிருக்கு. மழைத்தண்ணி பாறை மேல வழிஞ்சு வந்தா, அந்தக் காடியில தடுபட்டு வெளியவே சொட்டிடும். உள்ள படுத்திருக்கிறவர் நனையமாட்டார். அந்தக் காடிக்குப் பக்கத்துலதான் எழுத்து.

இந்த எழுத்துகளை 1882-ல் ராபர்ட் சுவல் பதிவு செய்தார். ஆனா யாராலும் சரியாப் படிக்க முடியலை. பாக்க அசோகர் காலத்துப் பிராமி மாதிரி இருக்கு, ஆனா அதுல இல்லாத சில எழுத்துகளும் இருக்கு. அதுல ற, ன, ழ எல்லாம் இருக்கு, இது தமிழ்தான்னு 1924-ல் எடுத்துச் சொன்னவர் கே. வி. சுப்ரமணிய ஐயர். 1960-களில் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்துல நெடுஞ்செழியன்கிற பாண்டியர் பெயரைப் படிச்சார். காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டுன்னு கணிச்சார். சங்க இலக்கியத்துல வர்ற ஒரு அரசப் பெயர், அந்தக் காலத்துப் பாறையிலேயே இருக்கு.

எழுதியிருக்கிறது என்ன? கணிநந்தன்கிற சமணத் துறவிக்கு இந்த இடத்தைச் செஞ்சு கொடுத்தது யார் யார்ங்கிற விவரம். நெடுஞ்செழியனோட அலுவலர் கடலன் வழுதி. மன்னரோட மைத்துனன் இளஞ்சடிகனின் தந்தை சடிகன். அப்புறம் வெள்ளறை நிகமத்தார், அதாவது ஒரு வணிகர் சங்கம். அந்த வெள்ளறைதான் இன்னைக்கு மேலூர் பஸ்ல போனா வர்ற வெள்ளரிப்பட்டின்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. துறவிங்க ஊர் ஊரா நடக்கிறவங்க, மழைக்காலம் மட்டும் ஓரிடத்துல தங்கணும். பணம் சேர்த்த வியாபாரிங்க, எதுவுமே வேண்டாம்னு வந்தவங்களுக்கு அதுக்காக ஒரு இடம் செஞ்சு கொடுத்திருக்காங்க.

அந்த இடத்துக்குக் கல்வெட்டு சொல்ற பேரு 'பளி', அதாவது பள்ளி. படுக்கிற இடம், தங்குற இடம். இன்னைக்கு நாம படிக்கிற இடத்துக்கும் அதே சொல்தான்.

இங்க ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் டூர்ல கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். அங்க ஒரு பாறையில காம்பஸ் முள்ளால என் பேரைக் கீறினேன். பக்கத்துல இன்னொருத்தன் பேரு இருந்துச்சு, அதனால. மாங்குளத்துல 2,200 வருஷத்துப் பேர்களைப் பாத்தப்போ அது ஞாபகம் வந்து கூசிப்போச்சு. அவங்க ஒரு மனுசன் நனையாம தூங்க இடம் கொடுத்துட்டுப் பேர் போட்டாங்க. நான் எதைக் கொடுத்தேன்?

ஒரு முள்ளால அவ்வளவு கீற முடியும்னா, இயந்திரத்தால? மேலூர் வட்டாரத்துல மலைகளைக் கேக் மாதிரி அறுத்து எடுத்த கிரானைட் முறைகேடு 2012-ல் பெருசா வெளிய வந்துச்சு. கீழவளவுக்குப் போனா, கற்படுக்கை இருக்கிற பாறையையும் அதைச் சுத்தி வெட்டின குழிகளையும் சேர்ந்தே பாக்கலாம். 2022 நவம்பர்ல அரிட்டாபட்டியிலயும் மீனாட்சிபுரத்திலயும் சேர்த்து 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சது, தமிழ்நாட்டுலயே முதல்ல. ரெண்டே வருஷத்துல, 2024 நவம்பர்ல, அந்தப் பகுதியும் உட்பட்ட நாயக்கர்பட்டி வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் விட்டது. ஊர் ஊரா கிராமசபைத் தீர்மானம் போட்டாங்க. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானவங்க நடந்தே வந்தாங்க. ஜனவரி 23-ஆம் தேதி ஏலம் ரத்தாச்சு.

அந்த நடையில வந்தவங்கள்ல எத்தனை பேருக்குப் பிராமி படிக்கத் தெரியும்? ரொம்பப் பேருக்கு அது இன்னும் பாண்டவர் படுக்கைதான். கல்வெட்டை முதல்ல படிச்சவங்க அறிஞர்கள். அந்தப் பாறையே போயிடாம பாத்துக்கிட்டவங்க இவங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க. விடியக்காலையிலேயே ஏறிடுங்க, பத்து மணிக்கு மேல பாறை சுடும். தண்ணி எடுத்துட்டுப் போங்க, காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாங்க. காம்பஸ் மட்டும் வேண்டாம்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.