மேசையின் அடிப்பக்கம்

2006ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு மேசை 8 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. ரெட்வுட் மரத்தின் முண்டை அப்படியே அறுத்து, விளிம்பைச் சீவாமல், ஓட்டை உடைசலை மறைக்காமல் செய்த மேசை. செய்தவர் ஜார்ஜ் நகாஷிமா. இவர் பெயரைச் சொன்னாலே சேகரிப்பாளர்களின் வாயில் 'இயற்கை', 'மரத்தின் ஆன்மா', 'சிற்பத்தன்மை' என்ற சொற்கள் தானாக வந்துவிடுகின்றன. இந்தச் சொற்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இவை எதைப் பேசவிடாமல் தடுக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

'ஆர்கானிக்' என்ற சொல் மரச்சாமான்களோடு அழுத்தமாக ஒட்டிக்கொண்டது 1940-41ல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் பெயரில் நடத்திய போட்டியையும் கண்காட்சியையும் ஒட்டி. பரிசு வாங்கியவர்கள் சார்லஸ் ஈம்ஸும் ஈரோ சாரினெனும். அவர்கள் வரைந்த வளைவைப் பிளைவுட்டில் பெருமளவில் செய்ய அன்றைக்கு வழி தெரியவில்லை. வழி காட்டியது போர். கால் எலும்பு முறிந்த சிப்பாய்களுக்கு வைத்துக் கட்டும் தப்பையை சார்லஸும் மனைவி ரேயும் 1942ல் வளைத்த பிளைவுட்டில் செய்தார்கள். அமெரிக்கக் கடற்படைக்குப் போனவை ஏறத்தாழ 1,50,000. 1946ல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற நாற்காலி இந்தத் தப்பையின் உடன்பிறப்பு. உடலுக்கு இசைந்த வளைவு என்கிறார்கள். சரிதான், முதலில் இசைந்தது அடிபட்ட உடலுக்கு.

நகாஷிமாவிடம் வருவோம். 1905ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். கட்டடக்கலை படித்து, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்து, 1937ல் நம் பாண்டிச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைக் கட்டும் வேலை. வேலைக்கு வந்தவர் சீடராகி 'சுந்தரானந்தா' என்று பெயரும் பெற்றார். மரச்சாமான் செய்யத் தொடங்கியதும் அந்த விடுதிக்காகத்தான். (ஆசிரமம், ஆன்மிகம் என்றதும் நம் தோழர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், கொஞ்சம் பொறுக்கவும்.)

1942 பிப்ரவரி 19ல் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சியாட்டிலில் அப்போதுதான் பட்டறை போட்டிருந்த நகாஷிமா, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கேதான் கென்டாரோ ஹிகோகாவாவைச் சந்திக்கிறார். ஜப்பானிய மரபில் முறையாகத் தொழில் பழகிய தச்சர், நம்ம ஊர் வழக்கில் சொன்னால் ஆசாரி. எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய கட்டடக்கலைஞர் அந்த ஆசாரியிடம் உளியும் இழைப்புளியும் பிடிக்கக் கற்றார், பலகையோடு பலகையைப் பொருத்தக் கற்றார். முகாமில் நல்ல மரம் யார் கொடுப்பார்கள்? கட்டட வேலையில் மிஞ்சிய துண்டுதுணுக்கும் பாலைவனப் புதர்க்கட்டையும்தான். புதர்க்கட்டையில் நேர்ப்பலகை கிடைக்காது. கோணல் இருக்கிறபடியே வேலை செய்யணும்.

1943ல் ரேமண்ட் பொறுப்பேற்று அவரை வெளியே எடுத்தார். பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் ரேமண்டுக்கு ஒரு பண்ணை. அங்கே இந்தக் கட்டடக்கலைஞருக்குக் கிடைத்த வேலை கோழி வளர்ப்பு. பிறகு சொந்தப் பட்டறை போட்டபோது, மரவாடிகள் கழித்துப்போட்ட பலகைகளைத்தான் வாங்க முடிந்தது: பட்டை ஒட்டிய விளிம்பு, கணு, விரிசல். விரிசல் மேலும் ஓடாமலிருக்கப் பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைக் குறுக்கே பதித்தார். பின்னாளில் அதுவே அவருடைய அடையாளமாயிற்று.

கழித்துப்போடப்பட்ட மனிதன் கழித்துப்போட்ட பலகையை எடுத்தான் என்று உருவகம் பண்ணுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏலக்காரன் அந்த உருவகத்தையும் விலையில் சேர்த்துக்கொள்வான். நடந்தது ரொம்பச் சாதாரணம். கையில் காசில்லை, நல்ல மரம் வாங்க வழியில்லை, கிடைத்ததை வைத்து வேலை செய்ய ஒருவர் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார். ஆன்மிகச் சொல்லாடல் சேகரிப்பாளர்கள் மட்டும் கட்டியது என்றும் சொல்ல முடியாது. அதில் நகாஷிமாவுக்கே பங்குண்டு. 1981ல் வந்த அவர் நூலில் முகாமும் இருக்கிறது, தலைப்பிலேயே மரத்தின் ஆன்மாவும் இருக்கிறது. ஏலக் குறிப்பேடுகளுக்கு எது வசதியோ அது நிலைத்துவிட்டது.

1988ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, முகாமிலிருந்து அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் என்று சட்டம் போட்டது. பணம் கொடுக்கத் தொடங்கியது 1990 அக்டோபரில். நகாஷிமா அந்த ஜூனிலேயே இறந்துவிட்டார். ஏலத்தில் போன அந்த ஒரே மேசையின் விலையில் 40 பேருக்கு நஷ்டஈடு கொடுத்திருக்கலாம்.

நெடுங்காலம் அவர் தன் வேலையில் கையெழுத்துப் போடவில்லை. பெயரற்ற கைவினைஞனாக இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். பலகையின் அடிப்பக்கத்தில் மையால் எழுதிவைத்தது வாங்கியவருடைய பெயரை. அந்தப் பெயர்தான் இப்போது அசல் என்பதற்குச் சாட்சி. அதைப் பார்க்க வியாபாரிகள் மேசையைக் குப்புறக் கவிழ்க்கிறார்கள். ஹிகோகாவாவை நகாஷிமா ஒருபோதும் மறைத்ததில்லை, அவரிடம் கற்றதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குறிப்பேடுகளில் அந்த ஆசாரிக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிசு.