பெயர்த்து நட்ட வீடுகள்: வெனிஸ் சாசனத்தின் ஏழாம் பிரிவும் கட்டடக்கலை மாணவரின் வரைபடமும்

நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான வெனிஸ் சாசனத்தின் (1964) ஏழாம் பிரிவை எடுத்தாளும் கட்டடக்கலைக் கல்வியாளர்கள் பலர் அதன் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு நினைவுச்சின்னத்தை, அது சாட்சி சொல்லும் வரலாற்றிலிருந்தும் அது அமைந்த சூழலிலிருந்தும் பிரிக்கலாகாது என்பது அதன் சாரம். இதிலிருந்து இன்னொரு முடிவும் சத்தமில்லாமல் பெறப்பட்டுவிட்டது: இடம்பெயர்ந்த பழங்கட்டடத்தை முன்மாதிரியாகக் கொள்ளும் மாணவர், வெறும் வடிவத்தைத்தான் கற்றுக்கொள்வார். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. அதற்கான சான்று பாசிர் ரிஸுக்குத் தெற்கே, அப்பர் சாங்கியில், சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது.

நடிகர் ஜாக்கி சான் நன்கொடையாக அளித்த நான்கு சீன மரக்கட்டடங்களைச் சொல்கிறேன். மிங், சிங் காலத்தவை; இரண்டு வீடுகள், ஒரு மண்டபம், ஒரு கூத்துமேடை. தம் பெற்றோர் குடியிருப்பதற்கென்று அவர் வாங்கியவை, பிரித்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தன. 2013இல் செய்தி வெளியானபோது, சீன மரபுச் செல்வம் அயல்நாட்டுக்குப் போகிறதே என்று சீனச் சமூக ஊடகங்களில் கண்டனம் எழுந்தது. அந்தச் சர்ச்சை உடைமை பற்றியது. மாணவர் எதைக் கற்கிறார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஏழாம் பிரிவின் இரண்டாம் வாக்கியத்துக்கு வருவோம். சின்னத்தைக் காப்பதற்கு வேறு வழி இல்லையென்றாலும், தேசிய அல்லது பன்னாட்டு நலன் வலுவாகக் கோரினாலும் இடமாற்றத்துக்கு அது இடம் தருகிறது. விதிவிலக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினைந்தாம் பிரிவையும் அருகில் வைத்துப் படிக்கும்போது படம் மாறுகிறது. சிதறிக் கிடக்கும் மூலப் பகுதிகளை மீண்டும் பொருத்தலாம் என்று அப்பிரிவு அனுமதிக்கிறது. இணைப்புக்காகப் புதிதாகச் சேர்க்கும் பொருள் எப்போதும் அடையாளம் காணத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது.

பதினைந்தாம் பிரிவு அகழாய்வைப் பற்றியது, அதை மரவீட்டுக்குப் பொருத்துவது முறையல்ல என்ற ஆட்சேபம் எழும். எழுத்தளவில் அது சரி. அதனால்தான் இதைச் சற்றுத் தயக்கத்தோடு முன்வைக்கிறேன். இருந்தும், அப்பிரிவின் தர்க்கம் அகழ்ந்தெடுத்த கல்லோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் உறுப்பின் பழைய இருப்பிடத்தை அந்த உறுப்பே காட்டிக்கொடுக்குமானால், அதை மீண்டும் அங்கே வைப்பது ஊகமாகாது என்பதே அதன் அடிப்படை. மரச்சட்டகத்துக்கு இது கல்லைவிடக் கூடுதலாகவே பொருந்தும். கழுந்தின் (துளைக்குள் நுழையும் முனையின்) அகலமும் துளையின் ஆழமும் எந்த உத்திரம் எந்தத் தூணில் ஏறும் என்பதைச் சொல்லிவிடும். இம்மரபில் பாரத்தைத் தாங்குவது சட்டகம். சுவர் வெறும் மறைப்பு. எனவே பெயர்த்தெடுக்கும்போது எது பயணப்படும், எது பழைய ஊரிலேயே தங்கிவிடும் என்பதைக் கட்டடமே பிரித்துக் காட்டுகிறது. உத்திரமும் தூணும் வந்துவிடுகின்றன. செங்கல் சுவரும் பக்கத்து வீட்டு நிழலும் தெருவின் சரிவும் வருவதில்லை.

ஒரு மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. சொந்த மண்ணில் முழுமையாக நிற்கும் சின்னம் தன் மூட்டுகளை மறைத்துக்கொள்கிறது. அங்கே வரையச் செல்பவர் செதுக்குவேலையில் மயங்கி, கூரையின் வளைவை எடுத்துத் தம் ‘கான்செப்ட்’ ஆக்கிவிடுகிறார். ஸ்டூடியோ மதிப்பீடுகளில் நான் மீண்டும் மீண்டும் காணும் குறை இது. பிரித்துச் சேர்த்த கட்டடமோ, எது முதலில் ஏறியது, எது கடைசியில் பூட்டியது என்ற வரிசையைக் கேட்கவைக்கிறது. அந்த வரிசைதான் வடிவமைப்பின் அறிவு.

இனி, ‘சூழல்’ என்ற சொல். ஏழாம் பிரிவு அதை அசையாத ஒன்றாகக் கருதுகிறது. சிங்கப்பூரில் அப்படிக் கருத முடியுமா? 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. பாசிர் ரிஸ் கடற்கரையின் பெரும்பகுதியும் கடலைத் தூர்த்து எடுத்ததுதான். அப்படித் தூர்த்தபோது விட்டுவைத்த 6 ஹெக்டேர் அலையாத்திக் காடு இன்றும் பாசிர் ரிஸ் பூங்காவில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த கரை மாறிவிட்டது. ஓதநீர் வந்துபோகும் வழி அடைபடாததால் காடு பிழைத்தது. இங்கே மரங்கள் நகரவில்லை, சூழல்தான் நகர்ந்தது. அப்பர் சாங்கியில் சூழல் நகரவில்லை, சின்னம்தான் நகர்ந்தது. இரண்டையும் ஒரே கல்விப் பருவத்தில் வரைந்து பார்க்கும் மாணவர், சின்னத்தையும் சூழலையும் பிரிக்கலாகாது என்ற வாக்கியத்தைக் கேள்வி கேட்காமல் ஒப்புவிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கனமான ஆட்சேபம் தமிழ்நாட்டிலிருந்து வரும். இடமாற்றத்தை நியாயப்படுத்தினால் செட்டிநாட்டு வீடுகளை இடிப்போருக்கு அது துணைபோகாதா? காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் தனித்தனியே விலைபோவதைப் பார்த்தவர் எவரும் இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. என் விடை இது: தூண் தனியாகப் போகும்போது அதன் கழுந்து எந்தத் துளைக்கும் பதில் சொல்வதில்லை. வீட்டின் உள்முற்றப் பகுதியான வளவின் நீளத்தைத் தீர்மானித்த உத்திரம் ஓட்டல் வரவேற்பறையின் அலங்காரமாகிவிடுகிறது. 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தக்ஷிணசித்ரா அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டையும் கேரளத்து வீடுகளையும் பெயர்த்து வந்து மீண்டும் எழுப்பியபோது, உறுப்புகளுக்கு இடையிலான உறவும் சேர்ந்தே வந்தது. ஆகவே நாம் கோடு கிழிக்க வேண்டிய இடம், உறுப்புக் கூட்டம் சிதறாமல் இருக்கிறதா இல்லையா என்பதுதான். ஊர் மாறியதா என்பது இரண்டாம் கேள்வி. பெயர்த்து நட்ட கட்டடம் உறைந்துபோன அருங்காட்சிப் பொருளாகிவிடும் என்ற வழக்கமான குற்றச்சாட்டுக்கு இங்கே நீண்ட பதில் தேவையில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக்காகக் கோபுரத்தின் சுதையைப் புதுக்கும் நம் மரபு, பழமை என்பதை மாறாத பொருளாக ஒருபோதும் கொண்டதில்லை.

இதை ஏற்றால், அளவெடுத்து வரையும் பாடம் மாறியாக வேண்டும். தளப்படம், வெட்டுமுகம், முகப்பு என்ற மூன்று தாள்கள் போதா. நான்காவது தாளில் மூட்டுகள் ஒவ்வொன்றும் பிரித்த நிலையில், ஏறும் வரிசை எண்ணோடு வர வேண்டும். ஐந்தாவதில் வராதவற்றின் பட்டியல்: எந்தச் சுவர், எந்தத் தளக்கல், மழைநீர் எந்தப் பக்கம் வடிந்தது, பக்கத்தில் யார் வீடு. பாசிர் ரிஸில் ஒரு மண்டபம் வடிவமைக்கச் சொன்னால் அதே ஐந்தாவது தாளில் ஓதத்தின் உயர்மட்டமும் தாழ்மட்டமும், தூர்த்த மண்ணின் எல்லைக்கோடும், சுங்கை அப்பி அப்பியின் பழைய கரையும் இடம்பெற வேண்டும். முகப்பு வரைவதற்கு முன்பே இந்த இரண்டு தாள்களையும் மதிப்பீட்டுக் குழு கேட்டு வாங்க வேண்டும்.